சீனித்தம்பி எடுப்பார்

செசீலியா கதிரையில் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை என்று நகரசபையில் ஒரு பேச்சு உண்டு. அதை அவதூறு என்று தள்ளிவிட முடியாது. எட்டு வருட உத்தியோகத்தில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஐந்து கதிரைகளும் தேயாமல், ஆடாமல், புத்தம் புதிதாகவே அடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தொலைபேசி வந்தால் எழும்பி நடப்பாள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்க்க நடப்பாள். அலுவலகக் கோவைத் தாள்களை வாசிப்பதும் நடந்துகொண்டுதான். பெரியகல்லாற்றில் இருக்கும் தாய், "இவள்ட காலுக்குள்ள கடல் இரிக்கி" என்பாள். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக இருக்கும் ஊரில் பிள்ளை பெற்றவள் வேறு என்ன சொல்வாள்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கி, ஆறு வருடம் வேலைக்குக் காத்திருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். எதை அபிவிருத்தி செய்வது என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. ஆகவே எதைக் கொடுத்தாலும் செய்ய வேண்டியதாயிற்று. நூலகம் கொடுத்தார்கள், சந்தை கொடுத்தார்கள், நாய்களுக்கான அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். டெங்கு ஒழிப்பில் அவள் காட்டிய வேகம் இன்றும் பேசப்படுகிறது. ஒரு தேங்காய்ச் சிரட்டைக்கு ஒரு பென்சில் என்று பள்ளிக்கூடங்களில் அறிவித்து, நாலே நாளில் நாலாயிரம் சிரட்டை சேர்த்தாள். அவற்றை எங்கே கொட்டுவது என்று சபை யோசித்து முடிப்பதற்குள் மாரி மழை வந்துவிட்டது. அந்த வருடம் பட்டினத்தில் நுளம்பு மிக அதிகமாக இருந்த இடம் நகரசபை வளவு.

அதற்குப் பிறகுதான் அவளைத் தீயணைப்புப் பிரிவில் இணைத்தார்கள். அங்கே சேர்த்துக் குவிக்க எதுவும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

தீயணைப்புப் பிரிவு என்றால் சிவப்புத் தகரம் போட்ட ஒரு கொட்டகை, ஒரு தொலைபேசி, ஒன்பது ஆண்கள், ஒரு வண்டி. வண்டி ஜப்பானில் ஏதோ ஒரு பட்டினம் ஓடித் தள்ளிய பின் நன்கொடையாக வந்தது. கதவில் அந்த ஊர் எழுத்து அப்படியே இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றபடியால் அழிக்கவும் ஒருவரும் துணியவில்லை. ஊர் அந்த வண்டியை மிகவும் நேசித்தது. தேர் ஓடும் வீதியைக் கழுவ, பெருநாள் திடலில் தூசி அடக்க, மாதாவின் சுற்றுப்பிரகாரத்துக்குத் தெருவைக் குளிர்த்த, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் தலையில் தண்ணீர் தெளிக்க என்று எல்லாவற்றுக்கும் கேட்டு வந்தார்கள். நெருப்புக்கு மட்டும் கேட்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த முதல் திங்கட்கிழமை செயலாளர் ஹிதாயாவின் கடிதம் வந்தது. ஹிதாயா மேடம் சபையிலேயே அதிகம் படித்தவர், குறையச் சிரிப்பவர். கடிதமும் அப்படித்தான் இருந்தது. கடந்த வருடம் முழுவதும் பொதுமக்களிடமிருந்து நிலையத்துக்கு வந்த அழைப்புகள் ஒன்பது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உள்ள ஒரு பிரதேசசபை இந்த வண்டியைத் தமக்குத் தரும்படி கேட்கிறது. அங்கே வைக்கோல் எரிகிறது, காடு எரிகிறது, அணைக்க வாளியைத் தவிர வேறில்லை. ஆடி மாதச் சபைக் கூட்டத்துக்கு முன், இந்தப் பட்டினத்து மக்கள் தீயணைப்புப் பிரிவை நாடுகிறார்கள் என்று காட்டப்படாவிட்டால் வண்டி கைமாறும். ஆட்கள் சந்தைக் காவலுக்கும் குப்பை லொறிக்கும் பகிரப்படுவார்கள். செசீலியா உடனடியாக ஒரு மக்கள் தொடர்புத் திட்டம் தயாரிக்க வேண்டும்.

செசீலியா கடிதத்தை வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே சத்தமாக வாசித்தாள்.

"ஒன்பதில ரெண்டு, கொத்துரொட்டி கேட்டு வந்தது மிஸ்," என்றார் ஜூலியன். நிலையத்தின் பொறுப்பாளர் அவர்தான். இருபத்திரண்டு வருடம் நெருப்போடு இருந்ததில் புருவம் பாதி போய்விட்டது. முகத்தில் எப்போதும் ஒரு வியப்பு நின்றது.

"அப்ப ஏழு."

"ஏழெண்டு மேலிடத்துக்குச் சொல்லிராதீங்க. ஒன்பது நல்ல எண்."

சிக்கல் என்னவென்றால், கடைக்கு விளம்பரம் செய்தால் வாங்க வாருங்கள் என்று சொல்லலாம். தீயணைப்புப் பிரிவுக்கு எப்படிச் சொல்வது? நெருப்பு அதிகரிக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுத முடியாது. நெருப்பே வராமல் இருக்க மக்களுக்கு அறிவூட்டினால் அழைப்பு இன்னும் குறையும், வண்டி இன்னும் கெதியாய்ப் போகும். வேலையை நன்றாகச் செய்தால் வேலை போய்விடும் என்ற நிலை. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்று செசீலியா அந்த மாதம் என்ன மன்றாடினாள் என்று வெளியே சொல்லவில்லை.

மூவாயிரம் ஸ்டிக்கர் அடித்தாள். வண்டியின் படம், கீழே நிலையத்தின் இலக்கம், 'தீயா? உடனே அழையுங்கள்' என்று ஒரு வரி. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகப் போனாள். தோணிகளில் ஒட்டினாள், தையல் மெசினில் ஒட்டினாள், பிள்ளைகள் புத்தகப் பையில் ஒட்டிக்கொண்டார்கள். வைகாசி முடியும்வரை வந்த அழைப்பு நான்கு. அதில் ஒன்று, தொலைபேசி வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே எடுத்தது.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகல் முழுவதும் மேற்கிலிருந்து சூடாய் அடித்து, வேலியில் கட்டிய ஓலைக் கிடுகைக் கலகலக்க வைத்து, ஆட்களையும் ஒரு மாதிரிச் சினக்க வைக்கும் காற்று. சினக்கச் செசீலியாவுக்குக் காற்றே தேவையில்லை. நித்திரையிலும் எங்கோ ஒரு தொலைபேசி அடிக்காமல் இருப்பது அவளுக்குக் கேட்டது.

ஒரு நாள் காலை சந்தைக்குப் பின்னால் விறகும் கிடுகும் விற்கும் சின்னத்தங்கத்தின் கடைக்குப் போனாள். பட்டினத்தில் தீப்பிடிப்பதற்கு அதைவிட வசதியான கடை இல்லை. ஸ்டிக்கர் தராசின் மேல் பளபளவென்று இருந்தது.

"ஒட்டியிரிக்கன் தானே. வடிவான படம். மறுகா என்னகா வேணும்?" என்றாள் சின்னத்தங்கம்.

"நெருப்புப் புடிச்சா இந்த நம்பருக்கு எடுப்பீங்களா அக்கா?"

"எடுத்தா ஆரு கதைப்பான்?"

"கடமையில இருக்கிறவர்."

"கடமைக்குப் பேர் இல்லையா?"

"ஆள் மாறி மாறி நிப்பாங்க அக்கா. இன்னார் எண்டு சொல்ல ஏலாது."

"ஆரெண்டு உனக்கே சொல்ல ஏலாத ஒருத்தனுக்கு நான் என்னெண்டு எடுக்கிற? என்ட கடை எரியிது, நீ ஆருடா மனே எண்டு கேக்கிறதா?" சின்னத்தங்கம் விறகுக் கட்டைத் தூக்கித் தராசில் போட்டாள். "கரண்டுக் கந்தோரில என்ட மச்சாள்ட மகன் இரிக்கான். ஆசுபத்திரியில எங்கட கோயிலடிப் புள்ள ஒண்டு. பொலிசில எனக்கு ஆள் இல்ல. அதால நான் பொலிசுக்குப் போறல்ல."

இது முதல் அடி. இரண்டாவது, வாவிக்கரைத் தெருவில் கைத்தறி நெய்யும் நபீஸாவின் வீட்டில் விழுந்தது. செசீலியா ஸ்டிக்கரை நீட்டியதும் நபீஸாவின் முகம் மலர்ந்தது.

"ஓ, இந்த வண்டியா? போன மாசியில அடுப்பில இருந்து பத்தி எங்கட குசினி எரிஞ்ச நேரம் வந்ததுதானே மகள். நல்ல புள்ளைகள். அல்லாஹ் பரக்கத் செய்யணும்."

செசீலியாவின் கால் நின்றது. மாசி மாதத்தில் ஒரு அழைப்பும் பதிவாகவில்லை என்பது அவளுக்கு மனப்பாடம்.

"ஆருக்கு எடுத்துச் சொன்னீங்க ராத்தா?"

"ஸுஹைனாவுக்கு."

"ஸுஹைனா ஆரு?"

"என்ட மகள். கத்தார்ல இரிக்கா. அவ மாப்பிள்ளைக்குச் சொல்லி, மாப்பிள்ளை தன்ட ரூமில இரிக்கிற பொடியனுக்குச் சொல்லி, அந்தப் பொடியன்ட கூடப்பொறந்த மூத்த காக்காதான் உங்கட ரிஸ்கான். பதினொரு நிமிசத்தில வந்திட்டாங்க."

நபீஸாவின் வாசலில் நின்று பார்த்தால் நிலையத்தின் சிவப்புத் தகரம் தென்னைகளுக்கு ஊடாகத் தெரிந்தது. செய்தி அங்கே போக முதல் பாரசீகக் குடாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

"நேர ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே ராத்தா?"

"போய்? நீங்க ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுற?" என்றாள் நபீஸா, நியாயமாகவே.

செசீலியா நிலையத்துக்கு நடக்கவில்லை, ஓடினாள். ரிஸ்கான் வண்டிக்குக் கீழே படுத்துக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான். வண்டியை ஓட்டுவது அவன்தான்.

"மாசியில ஒரு குசினி நெருப்புக்குப் போனீங்களா ரிஸ்கான்?"

வண்டிக்குக் கீழிருந்து கேள்வி திரும்பி வந்தது. "எந்தக் குசினி மிஸ்?"

"எத்தினை குசினி?"

தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த சுஜீவன், குழுவிலேயே இளையவன், பொய் சொல்லப் பழகாதவன், விரல் மடித்தான். குசினி, வைக்கல் போர், கராஜ், கிடுகு வேலி. போன வருடம் மட்டும் அறுபதுக்குக் குறையாது. எல்லாம் தெரிந்த ஆட்கள் தெரிந்த ஆட்களின் கைத்தொலைபேசிக்கு எடுத்துச் சொன்னவை.

"ஏன் பதியல்ல?"

"பதிஞ்சா 'அறிவித்தவர்' எண்டு ஒரு கட்டம் இரிக்கு மிஸ்," என்றான் ரிஸ்கான், வெளியே வந்து. "கத்தார் எண்டு எழுதவா?"

"தெரிஞ்ச ஆக்களுக்குச் செய்யிறதைப் பதியிறல்ல," என்றார் ஜூலியன். "பதிஞ்சா அது உதவியில்லையே. வாக்குமூலம், அறிக்கை எண்டு அந்தச் சனத்தைக் கந்தோர் கந்தோரா இழுக்கணும்."

ஆக, ஊருக்கும் இவர்களுக்கும் இடையே தொடர்பு இல்லாமல் இல்லை. தொடர்பு தாராளமாக, அளவுக்கு மிஞ்சி இருந்தது. அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்ததுதான் குறை. அறுபதையும் இப்போது எழுதிவிடலாமே என்று ஜூலியன் பேனாவைத் திறந்தார். செசீலியா வண்டியை மூன்று தரம் சுற்றி வந்து, வேண்டாம் என்றாள். பொய்யெழுத்துக்குப் பயந்தல்ல, ஹிதாயா மேடத்துக்குப் பயந்து. அதோடு அந்தப் பதினொரு நிமிடம் அவளுக்குள் குத்திக்கொண்டிருந்தது. கத்தார்க்காரன் குளித்துக்கொண்டிருந்தால் அது இருபத்தொன்று ஆகியிருக்கும்.

"சனம் நம்பருக்கு எடுக்காது. ஆளுக்குத்தான் எடுக்கும்," என்றாள். "அப்ப நம்பருக்கு ஒரு ஆள் வேணும்."

"என்ட பேரைப் போடுங்க," என்றான் ரிஸ்கான்.

"நீங்க லீவில நிண்டா?"

அது மட்டும் பிரச்சினை இல்லை. இந்தக் கரையில் ஒரு பெயரைச் சொன்னால் ஆளுடைய கோயிலோ பள்ளியோ தெருவோ எல்லாம் கூடவே வந்து நிற்கும். ரிஸ்கான் என்று போட்டால் பாதிப் பட்டினம் யோசிக்கும். ஜூலியன் என்று போட்டால் மற்றப் பாதி யோசிக்கும். சுஜீவன் என்று போடலாமா என்று சுஜீவன் கேட்டான். ஜூலியன் திறந்த பேனாவை மூடினார்.

"சீனித்தம்பி எண்டு முந்தி ஒரு பேர் இருந்தது," என்றார் ஜூலியன் கடைசியில். "என்ட அம்மாட பெத்தப்பா சீனித்தம்பி."

"எங்கட மூத்தவாப்பாவும் சீனித்தம்பிதான்!" என்றான் ரிஸ்கான்.

"எங்கட தெருவில சைக்கிள் கடைச் சீனித்தம்பி," என்றான் சுஜீவன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். செசீலியா நடப்பதை நிறுத்தினாள். இப்போது யாரும் பிள்ளைக்கு வைக்காத பெயர் அது. கேட்டதும் அறுபதை அண்டிய, நிதானமான, கடன் சொல்லாத ஒரு மனிதர் கண்முன் வருவார். எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"பொய்தானே இது, ஜூலியன் அண்ணன்?" என்று கேட்டாள், மனசு கேளாமல்.

"அந்தோனியாரை ஆர் கண்ட? சாமான் துலைஞ்சா அவர்ட பேரைச் சொல்லித்தானே தேடுறம். சாமான் கிடைக்குதா இல்லையா?"

புதிய ஸ்டிக்கரில் ஒரே வரி. 'நெருப்பா? சீனித்தம்பி எடுப்பார்.' கீழே அதே இலக்கம். தொலைபேசியை யார் தூக்கினாலும் சீனித்தம்பி என்று சொல்வது என்று நிலையத்தில் சட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் அறிவித்தார்கள், ஞாயிறு பூசை முடிந்து கோயிலில் அறிவித்தார்கள், அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது.

"சீனித்தம்பியா?"

"ஓம், சீனித்தம்பி கதைக்கிறன்," என்றார் ஜூலியன், குரலை ஒரு படி இறக்கி.

"சும்மாதான் எடுத்தன். நிக்கிறீங்களா எண்டு பாக்க."

அன்றைக்கு மட்டும் அப்படிப் பதினேழு பேர் பார்த்தார்கள். செசீலியா பதியவேண்டாம் என்றாள். ஆனால் அந்தக் கிழமை முடிவதற்குள் உண்மையானவை வரத் தொடங்கின. காஸ் குழாய் பற்றியது, வாவிக்கரைக் குப்பை, மின்கம்பிக்குக் கீழே பனையோலை, கிணற்றில் ஆடு. பாம்பு பிடிக்க மாட்டோம் என்றதற்கு ஒருவர், "சீனித்தம்பி சொன்னாச் சரி" என்று மரியாதையோடு வைத்துவிட்டார்.

பெயர் வைத்தால் பிள்ளை வளரும் என்பதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எடுத்தவர்கள் நெருப்பைச் சொல்லி முடித்ததும் நலம் விசாரித்தார்கள். சுஜீவன், சீனித்தம்பிக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்று ஒருவருக்கும் அவர் தாரமிழந்தவர் என்று இன்னொருவருக்கும் சொல்லிவிட்டான். இரண்டு நாளில் ஒரு கலியாணத் தரகர் வந்தார். அதன் பிறகு செசீலியா ஒரு மட்டையில் எழுதித் தொலைபேசிக்கு மேலே தொங்கவிட்டாள்: வயது ஐம்பத்தேழு, மனைவி உண்டு, இரண்டு ஆண்பிள்ளைகள், குடி இல்லை, அரசியல் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இனிப்பான வட்டிலாப்பம் வந்ததும் சுஜீவன் அதன் கீழே 'சீனி வருத்தம் இல்லை' என்று சேர்த்தான்.

ஒரு மத்தியானம் எல்லாரும் வெளியே போன நேரம் தொலைபேசி அடித்தது. செசீலியா எடுத்தாள். தொலைபேசிக் கம்பி நாலரை அடி. அவளுடைய நடைக்கு அது போதவில்லை, மேசையின் இரண்டு பக்கமும் மாறி மாறி முட்டினாள்.

"சீனித்தம்பி இல்லையா புள்ள?" என்றது ஒரு கிழவியின் குரல்.

"வெளியில போயிட்டார்."

"நீ ஆரு, பொஞ்சாதியா?"

செசீலியா மட்டையைப் பார்த்தாள். மனைவி உண்டு. "...ஓம்."

முப்பத்தொன்பது வயது வரைக்கும், வந்த இரண்டு சம்பந்தத்தையும் கேள்வி கேட்டே கலைத்தவள், இல்லாத ஒருவருக்கு இவ்வளவு சுலபமாக வாழ்க்கைப்பட்டாள்.

ஆனி கடைசியில் நடந்தது விளையாட்டல்ல. கச்சான் உரத்து அடித்த ஒரு பிற்பகல், வாவிக்கரைத் தெருவில் பலகை அரியும் மரக்காலை பற்றிக்கொண்டது. அறுத்து அடுக்கிய பலகைகள், மரத்தூள், பக்கத்தில் நபீஸாவின் தறிக்கொட்டில், அதற்கப்பால் வரிசையாய் இருபது வீடு. நபீஸா இந்தத் தரம் கத்தாருக்கு எடுக்கவில்லை.

"சீனித்தம்பி! மரக்காலை எரியிது! காத்து எங்கட பக்கம்!"

நாலு நிமிடத்தில் வண்டி நின்றது. வாவிக்குள் குழாயை இறக்கித் தண்ணீர் இழுத்தார்கள். செசீலியா சைக்கிளில் பின்னால் வந்து, சனத்தைத் தள்ளி, காஸ் சிலிண்டர்களை வெளியே உருட்டச் சொல்லி, குரல் போகும்வரை கத்தினாள். மரக்காலையில் பாதி போயிற்று. தெரு தப்பியது. தறிக்கொட்டிலின் ஒரு பக்கக் கிடுகு கருகியதோடு சரி. கண் எரிய நின்ற நபீஸா ரிஸ்கானின் கையைப் பிடித்து, "சீனித்தம்பி எங்க மகன்? ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். நாலு மணித்தியாலம் குழாய் பிடித்தவனுக்கு விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. புகைக்குள் கையைக் காட்டி, "அங்கால நிக்கிறார்" என்றான்.

தெரு முழுக்கப் புகைக்குள் பார்த்தது. பார்த்தவர்கள் கண்டார்கள்.

ஆடிக் கூட்டம் வந்தது. செசீலியாவின் கையில் அறிக்கை இருந்தது. இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று அழைப்பு, எல்லாம் பதிந்தவை, 'அறிவித்தவர்' கட்டத்தில் பெயருடன். தவிசாளர் அதை வாசித்து முடிப்பதற்குள் உறுப்பினர் இப்றாஹிம் எழுந்துவிட்டார். மரக்காலை அவருடைய வட்டாரம்.

"தவிசாளர் அவர்களே, வண்டியைப் பற்றி மறுகா கதைப்பம். முதல்ல சீனித்தம்பிக்கு இந்தச் சபையில ஒரு பொன்னாடை போத்தணும். ஆளைக் கூப்பிடுங்க."

"மிஸ், அவரை வரச் சொல்லுங்க," என்றார் தவிசாளர்.

செசீலியா ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். பேச வேண்டி வந்தபோது அவளுடைய கால்கள் அசையவில்லை. உண்மையைச் சொன்னால் திட்டம் மோசடி என்று ஆகும், வண்டி போகும். சொல்லாவிட்டால் பொன்னாடை யார் தோளில் விழும்? சொன்னாள். சீனித்தம்பி என்று ஒருவர் இல்லை என்றும், பெயர் தன்னுடைய யோசனை என்றும், தொலைபேசியை எடுத்தது இன்ன இன்னார் என்றும் சொன்னாள்.

இப்றாஹிம் சிரித்தார்.

"என்ன கதை மிஸ் இது? மரக்காலையில நான் பக்கத்தில நிண்டன். தோளில தட்டி, தண்ணிப் போத்தல் குடுத்தன்."

"நான் ரெண்டு தரம் கதைச்சிரிக்கன்," என்றார் எதிர்வரிசையில் ஜெயராஜா. இருவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனது அந்தச் சபைக் காலத்தில் அதுவே முதல்தரம். "எங்கட அம்மா வழியில கிட்டின சொந்தம். அவர் சொல்லல்ல, ஆனா கதையில விளங்கிட்டு."

"சேர், அது சுஜீவனா இருக்கும்."

"சுஜீவன் சின்னப் பொடியன். எனக்குப் பெரியாள்ட குரல் தெரியாதா?"

"இதுதான் இந்தக் கந்தோர்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "நல்லா வேல செய்யிறவன் ஒருத்தன் இருந்தா, அவனை இல்லையெண்டு மறைச்சிருவீங்க."

"பாவம், மனுசன் நிரந்தர நியமனம் இல்லாம இரிக்கார் போல. அதுதான் ஒளிக்காங்க!"

"நியமனம் குடுக்கணும்!"

"வண்டியை அங்கால குடுத்திட்டு அவருக்கு நியமனம் குடுத்து என்ன செய்யிற? கைய வீசிக்கிட்டு நிக்கிறதா?"

செசீலியா திரும்பவும் வாயைத் திறந்தாள். உண்மை அவளிடம் இருந்தது. கேட்பதற்கு ஆள்தான் இல்லை. தவிசாளர் செயலாளரைப் பார்த்தார். ஹிதாயா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"தவிசாளர் அவர்களே, குறித்த உத்தியோகத்தரின் சுயவிபரக் கோவை அலுவலகத்தில் காணப்படவில்லை. அவருடைய நிலை தெளிவாகாமல் அவர் கடமையாற்றும் வண்டி தொடர்பாகத் தீர்மானம் எடுப்பது முறையல்ல. கோவை கிடைக்கும்வரை விடயத்தை ஒத்திவைக்கலாம்."

ஏகமனதாக நிறைவேறியது.

நடைபாதையில் செசீலியா அவரைத் துரத்திப் பிடித்தாள். "மேடம், நான் உண்மையத்தான் சொன்ன."

"தெரியும். ஆளணிப் பட்டியல் எழுதுறது நான்தானே."

"அப்ப கோவை?"

"தேடிப் பாருங்க."

"எப்பைக்குள்ள தரணும்?"

"நான் திகதி போடல்ல, செசீலியா," என்றார் ஹிதாயா மேடம். "ஆறுதலாத் தேடுங்க." சொல்லிவிட்டுப் பெயர் எழுதாத ஒரு கோவை மட்டையை அவள் கையில் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு கடிதம் இருந்தது. படுவான்கரைச் சபை வண்டி கேட்டு எழுதிய கடிதம்.

அதை வாசித்துக்கொண்டே நிலையத்துக்கு நடந்தாள். காற்று மட்டையைப் பறிக்கப் பார்த்தது. அவள் வென்றுவிட்டாள். வண்டி நிற்கும், ஜூலியன் சந்தைக் காவலுக்குப் போகமாட்டார். ஆனால் கடிதத்தில் இருந்தது பொய்யில்லை. போன சிறுபோக அறுவடையில் எரிந்த வைக்கல் போர்கள், எரிந்த மூன்று வீடுகள், பேரும் திகதியுமாக இருந்தன. இதை எழுதியவனுக்கும் ஒரு திட்டம் போட ஒரு செசீலியா இல்லாமல் போனதுதான் அவன் தோற்றதற்குக் காரணம். வென்றவளுக்கு அந்த எண்ணம் செருப்புக்குள் மணல் போல இருந்தது.

கொட்டகைக்குள் ஜூலியனும் மற்றவர்களும் செய்தி கேட்டு ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. கிட்ட நின்றவள் அவள்தான்.

"ஹலோ, சீனித்தம்பி ஐயா நிக்கிறாரா?" பின்னால் ஆட்கள் கத்தும் சத்தம். "நாங்க வாவிக்கு அங்கால, படுவான்கரையில இரிந்து கதைக்கம். வயல் வட்டைக்குள்ள வைக்கல் போர் எரியிது. காத்து ஊர்ப்பக்கம் திரும்பிட்டு. எங்கட மச்சான்தான் இந்த நம்பரைத் தந்த."

வாவிப் பாலத்துக்கு அப்பால் போவதற்குச் செயலாளரின் எழுத்து அனுமதி வேண்டும். சபை எல்லை பாலத்தின் நடுவில் முடிகிறது. அனுமதிப் பத்திரத்தில் மூன்று கையெழுத்து. செசீலியா கொட்டகையைப் பார்த்தாள். ரிஸ்கான் ஏற்கனவே அவளுடைய முகத்தைப் பார்த்துச் சாவியை எடுத்துவிட்டான்.

"நிக்கிறாரா? வருவாரா?" என்றது குரல்.

"வாறார்," என்றாள் செசீலியா. "எந்த வட்டை? பாலத்தால இறங்கி எந்தப் பக்கம் திரும்புற? ஆறுதலாச் சொல்லுங்க, நான் எழுதிறன்."

எழுத வேறு தாள் அகப்படவில்லை. கோவை மட்டையின் முதுகில் எழுதினாள்.